சஹாராவில் ஓடி நிதி திரட்டப் போகிறீர்களா? செலவுக் கணக்கை முதலில் பிரியுங்கள்

லண்டனில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு வாசகியின் கேள்வி இது. அப்பாவைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸுக்காக மொராக்கோவின் சஹாரா பாலைவனத்தில் பல நாள் நடக்கும் மாரத்தான் தே சாப்ல் ஓட்டத்தில் ஓடி நிதி திரட்ட ஆசைப்படுகிறார். இரண்டு மாரத்தான் முடித்தவர், கையில் ஒன்றரை வருடம் இருக்கிறது. "குறிப்பிட்ட தொகை திரட்டித் தருவதாக உறுதி கொடுத்தால் நுழைவுக் கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம்" என்கிறது ஹாஸ்பிஸ். ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். கட்டணம் சில ஆயிரம் பவுண்டு, சின்னத் தொகை இல்லைதான், ஆனாலும் தவணை போட்டாவது நீங்களே கட்டுங்கள். நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் சித்தி, "நான் கொடுத்த 50 பவுண்டுல பாதி உன் பிளைட் டிக்கெட்டுக்குத்தானே போச்சு?" என்று கேட்டால், சிரிக்காமல் பதில் சொல்ல முடிய வேண்டுமே.

கணக்கிலும் இதே சிக்கல் வரும். பிரிட்டனில் வரி கட்டுபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் கிஃப்ட் எய்ட் மூலம் அறக்கட்டளைக்கு அரசிடமிருந்து இன்னொரு 25 பென்ஸ் கிடைக்கும். ஆனால் உங்கள் பயணச் செலவை அறக்கட்டளை ஏற்றால், உங்கள் கணவர், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் கொடுக்கும் பணத்துக்கு அந்த 25 பென்ஸைக் கோர முடியாது, ஏனென்றால் அதனால் பலன் பெறுவது அவர்கள் வீட்டு ஆள். செலவு உங்களுடையது என்றால் அந்தத் தடை இல்லை. பிரிட்டனில் வரி கட்டாத சென்னை, யாழ்ப்பாணத்துச் சொந்தங்களின் பணத்துக்கும், விருந்து டிக்கெட், குலுக்கல் சீட்டு விற்று வரும் காசுக்கும் கிஃப்ட் எய்ட் எப்படியும் கிடையாது. அதையெல்லாம் தனியாக எழுதி வையுங்கள். ஹாஸ்பிஸ் கட்டணம் கட்டித் தரும் இடத்தைத்தான் எடுப்பது என்று முடிவானால், கையெழுத்துக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: கால் முறிந்து ஓட முடியாமல் போனால் குறையும் தொகையை யார் கட்டுவது?

சரி, ஓட்டத்துக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர் பாட்ரிக் பவர் 1984-இல் தனியாகப் பாலைவனத்தைக் கடந்த அனுபவத்தில், 1986-இல் இதைத் தொடங்கினார். கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர், பல கட்டங்களாக, அதில் ஒரு கட்டம் மட்டுமே 80 கிலோமீட்டரைத் தாண்டும். தண்ணீரும் கூடாரமும் போட்டி நடத்துகிறவர்கள் தருவார்கள், மற்றதெல்லாம் உங்கள் முதுகில். ஒரு நாளைக்குக் குறைந்தது 2,000 கலோரி உணவு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சாக்லேட் உருகிவிடும். பொரிவிளங்காய் உருண்டை உருகாது, அந்த வெயிலில் அதற்கு ஒன்றும் ஆகாது, பல்லுக்குத்தான் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

பயப்படவும் வேண்டாம். பெரும்பாலானவர்கள் பாதிக்குமேல் நடக்கத்தான் செய்கிறார்கள். எல்லோருக்கும் பின்னால் கடைசியாக இரண்டு ஒட்டகங்கள் வரும், அவை உங்களைத் தாண்டாத வரைக்கும் போட்டியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மாரடைப்பு வந்து இதய பைபாஸ் செய்துகொண்ட பிரிட்டிஷ் சாகசப் பயணி ரனல்ஃப் ஃபைன்ஸ், 2015-இல் தன் 71 வயதில் இதை முடித்தார், அதுவும் மேரி க்யூரி அறக்கட்டளைக்காக. ஹாஸ்பிஸ் நடத்துகிறவர்கள்தான் அவர்களும், இணையத்தில் நன்கொடை கேட்கும் உங்கள் நிதிப் பக்கத்தில் தாராளமாகச் சொல்லலாம்.

ஆளை வீழ்த்துவது கால்தான். நான் ஓடியபோது மூன்றாம் நாள் மாலை கூடாரத்தில் சாக்ஸைக் கழற்றினேன், பெருவிரல் நகம் சாக்ஸோடு வந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. வெயிலிலும் நடையிலும் பாதம் வீங்கும் என்று தெரிந்தும் வழக்கமான அளவு ஷூவே போதும் என்று நினைத்தேன். மணல் புகாமல் ஷூவுக்கு மேல் மாட்டும் கெயிட்டரின் வெல்க்ரோவைத் தைக்காமல் பசை போட்டு ஒட்டியிருந்தேன், முதல் நாளே மத்தியானத்துக்குள் பசை இளகி, பொடி மணல் உள்ளே போய், உப்புத்தாள் மாதிரி தேய்க்க ஆரம்பித்துவிட்டது. ஷூ தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றிலும் தைத்து வாங்குங்கள். ஷூ ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும்.

பயிற்சியில் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சனி ஒரு நீண்ட ஓட்டம், ஞாயிறு அதே களைப்போடு பையைச் சுமந்து இன்னொன்று. கடைசி இரண்டு வாரம் ஓட்டம் முடிந்ததும் சானாவிலோ வெந்நீர்த் தொட்டியிலோ உட்கார்ந்து உடம்பைச் சூட்டுக்குப் பழக்குங்கள், லண்டன் குளிரிலிருந்து நேராக இறங்கினால் தாங்காது. தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும், நர்ஸுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. உப்பு மாத்திரையைப் பயிற்சியிலேயே வயிற்றுக்குப் பழக்கிவிடுங்கள்.

அப்புறம் நிதிப் பக்கம். ஓட்டத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பே திறங்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். தாராளமாகக் கொடுக்கக்கூடிய நாலைந்து பேரிடம் முதலில் போன் செய்து பேசுங்கள். மேலே 100 பவுண்டு நிற்பதைப் பார்க்கிறவர் 10 போட யோசிப்பார், 10 நின்றால் அவரும் 10 போட்டுவிட்டுப் போய்விடுவார். "கட்டணமும் பயணமும் என் சொந்தச் செலவு, நீங்கள் தருவது முழுக்க ஹாஸ்பிஸுக்கு" என்பதை முதல் வரியிலேயே போடுங்கள்.