அப்பா வழி – ஒரு கடிதம்

வணக்கம்.

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன், எழுதுவது முதல்முறை. அப்பா போய் மூன்று வருடமாகிறது. அவர் வைத்துவிட்டுப் போன காகிதங்களை அடுக்கும்போது எங்கள் முன்னோர்களைத் தேடவேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா, தாத்தாவின் தாத்தா வரை பெயர் தெரியும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்த நேரத்தில் உறவினர் ஒருவர் அச்சடித்த வம்சாவளி ஒன்றைக் கொடுத்தார். ஒரு படைத்தலைவரில் தொடங்கி என் தாத்தாவில் முடிகிறது, மொத்தம் 11 பெயர்கள். படைத்தலைவர் என் தாத்தாவுக்கு 500 வருடம் முன்னால் பிறந்தவராம். இதை நம்பலாமா? டி.என்.ஏ. சோதனை செய்யலாம் என்றால், தந்தைவழிக்கு ஆண்தான் வேண்டும் என்கிறார்கள். எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. சித்தப்பாவும் இப்போது இல்லை, அவர் மகன் இருக்கிறான். 84 வயதில் ஓர் அத்தை இருக்கிறார். "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் படைத்தலைவரை அனுப்பிவிடுவோம். 11 பெயர் என்றால் நடுவே 10 இடைவெளி. 500 வருடத்தை பத்தால் வகுத்தால் ஆளுக்கு 50. அதாவது உங்கள் பாட்டன், பூட்டன் எல்லோரும் வரிசையாக ஐம்பது வயதில்தான் பிள்ளை பெற்றிருக்கவேண்டும். ஒருவர் அப்படி இருக்கலாம், இருவர் இருக்கலாம், பத்துப் பேரும் பேசிவைத்துக்கொண்டு இருக்கமுடியாது. தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே சராசரியாக முப்பது, முப்பத்துமூன்று வருடம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் ஐந்தாறு பேராவது அட்டவணையில் காணாமல் போயிருக்கிறார்கள். தெரிந்த பெயர்கள் கீழே கொஞ்சம், தெரிந்த பெரிய மனிதர் மேலே ஒருவர், நடுவில் இட்டு நிரப்பியது மிச்சம். வம்சாவளிகள் பெரும்பாலும் இப்படித்தான் மேலே போகப்போக பணக்காரர் ஆகின்றன. கூலிக்காரரில் தொடங்கும் வம்சாவளியை யாரும் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

அவர் உண்மையாகவே உங்கள் முன்னோராக இருந்தாலும் எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். உங்களிலிருந்து அவர் 12 தலைமுறை மேலே. அந்தப் படியில் உங்களுக்கு 4096 முன்னோர் இடங்கள் இருக்கின்றன (ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் வரலாம், உறவுக்குள் திருமணம் நடந்திருந்தால் கண்டிப்பாக வரும்). அதில் ஓரிடம் அவருக்கு. அவ்வளவுதான்.

1590இல் ஐட்ஸிங்கர் என்ற ஆஸ்திரியர் முன்னோர்களுக்கு எண் கொடுக்க ஒரு முறையை வெளியிட்டார், இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தேடுகிற ஆளுக்கு எண் 1. அப்பாவுக்கு அதன் இரண்டு மடங்கு, 2. அம்மாவுக்கு அதோடு ஒன்று கூட்டி, 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா. அப்படிப் பார்த்தால் தந்தைவழி என்பது 2, 4, 8, 16 என்று போகிற ஒற்றை நூல். உங்களுக்கு 16 வரை தெரிந்திருக்கிறது. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்பவர்களிடம் இந்தக் காகிதத்தை நீட்டுங்கள். எண் 1 ஆணா பெண்ணா என்று அந்த முறை கேட்பதே இல்லை. சீன ஞானி கன்ஃபூசியஸின் வம்சாவளி நூல் காலங்காலமாக ஆண்களை மட்டுமே கணக்கில் வைத்திருந்தது, 2009 பதிப்பில் முதல்முறையாகப் பெண்களையும் சேர்த்தார்கள், 20 லட்சம் பேருக்கு மேல் ஆனது. அவர்களே மாறிவிட்டார்கள்.

சரி, 32ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எல்லோரும் செய்கிற தவறை நீங்களும் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நேராக மேலே ஏறப் பார்க்கிறீர்கள். 16இல் முட்டிக்கொண்டதும் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். பக்கவாட்டில் போகவேண்டும். தாத்தாவின் தாத்தாவுக்கு நீங்கள் ஒரு கிளை மட்டும்தான். அவருக்கு வேறு மகன்கள் இருந்திருக்கலாம், அண்ணன் தம்பிகள் இருந்திருக்கலாம், அவர்கள் வழி வந்தவர்கள் எங்கோ இருப்பார்கள். உங்கள் வீட்டில் தொலைந்த காகிதம் பங்காளி வீட்டில் இருக்கும். 'பங்காளி' என்ற சொல்லே பங்கு கேட்கிற ஆள் என்பதுதானே, பங்கு இருந்தால் பத்திரம் இருக்கும். சொத்துப் பிரித்த பத்திரம் ஒன்று கையில் கிடைத்தால் அது பத்து கிழவர்களின் ஞாபகத்துக்குச் சமம், ஏனென்றால் யார் யாருடைய மகன், எந்தக் கிளைக்கு எவ்வளவு என்று எழுதாமல் பிரிக்கவே முடியாது. சண்டை போட்ட குடும்பமாக இருந்தால் இன்னும் நல்லது, வழக்குக் காகிதங்களும் இருக்கும். சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள், அவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆனால் பெயர் ஒத்துப்போகிறது என்று உடனே குதிக்காதீர்கள். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது உலகத்தில் எத்தனையோ இடங்களில் உண்டு, நம் மொழியில் பேரன் என்பதே பெயரன்தான். இதில் நானே விழுந்திருக்கிறேன். என் வரிசையில் ஒருவர் கிட்டத்தட்ட நூறு வருடம் சொத்து வாங்கி விற்றுக்கொண்டே இருந்தார், என்ன ஆயுசு என்று நானும் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு காகிதத்தில் அவருடைய மகன் "காலஞ்சென்ற தகப்பனார்" என்று எழுதியிருந்தார், அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து அந்தக் காலஞ்சென்றவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாத்தாவும் பேரனும். நான் இருவரையும் ஒட்டி ஒரே ஆளாக்கியிருந்தேன். அதனால் 'இன்னார் மகன் இன்னார்' என்று அப்பா பெயரோடு இருந்தால்தான் ஓர் ஆளை ஏற்றுக்கொள்வது என்று அப்புறம் வைத்துக்கொண்டேன்.

இப்போது டி.என்.ஏ. ஒய் குரோமோசோம் என்பது ஓர் ஆணிடம் இருக்கும் 46 குரோமோசோம்களில் (டி.என்.ஏ. அடங்கிய இழைகள்) ஒன்று, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் கிட்டத்தட்ட மாறாமல் போவது. உங்களுக்கு அது இல்லை, உங்கள் அப்பாவும் இல்லை, ஆனால் சித்தப்பா மகனிடம் இருப்பது உங்கள் தாத்தாவுடையதுதான். இந்தக் குறுக்குவழி புதிதல்ல. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன், அவரிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்குத் தகப்பனா என்ற கேள்வி இருநூறு வருடம் ஓடியது. ஜெஃபர்சனின் மனைவி வழியில் மகன்கள் யாரும் பிழைக்கவில்லை. ஆகவே 1998இல் அவருடைய அப்பாவின் உடன்பிறந்தவர் வழிவந்த ஆண்களிடம் போனார்கள். சாலியின் கடைசி மகன் வழிவந்த ஒருவரோடு அது ஒத்துப்போனது. ஆனால் அந்தச் சோதனை 'ஜெஃபர்சன் ஆண் வழியில் ஒருவர்' என்று மட்டும்தான் சொன்னது, தாமஸின் தம்பிக்கும் அதே ஒய்தானே. 'தாமஸ்தான்' என்று முடிவுசெய்ய, ஒவ்வொரு குழந்தையும் கருவான காலத்தில் அவர் வீட்டில் இருந்தார் என்கிற காகிதச் சான்று வேண்டியிருந்தது. உங்களுக்கும் இப்படித்தான், சோதனை பெயர் சொல்லாது.

சித்தப்பா மகனை மட்டும் சோதித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டு பேர் வேண்டும். 16இன் இன்னொரு மகன் வழிவந்த ஓர் ஆண் பங்காளியைக் கண்டுபிடியுங்கள். இருவருக்கும் நெருக்கமாக ஒத்துப்போனால் இரண்டு பக்கமும் 16 வரைக்கும் நூல் அறுபடவில்லை என்று பொருள். அட்டவணை கொடுத்த உறவினரும் அதே படைத்தலைவரின் ஆண் வழி என்று சொல்லிக்கொண்டால் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம், சம்மதித்தால்.

சம்மதம் என்று சொன்னது சும்மா இல்லை. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012இல் லெஸ்டர் நகரத்து கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தன. அவருடைய சகோதரியின் பெண்வழி வந்தவர்களோடு தாய்வழி டி.என்.ஏ. பொருந்தியது. வம்சாவளிப்படி அவரோடு ஒரே ஆண் வழியில் வரவேண்டிய, இன்று உயிரோடு இருக்கும் ஐந்து ஆண்களோடு ஒய் பொருந்தவில்லை. அதிலும் ஒருவர் மற்ற நால்வரோடுகூடப் பொருந்தவில்லை. அரச குடும்பத்து வம்சாவளி, எழுதிவைத்தது, அதிலேயே எங்கோ அப்பா வேறு. ஐரோப்பாவில் செய்த ஆய்வுகள் தலைமுறைக்குச் சுமார் 1 சதவீதம் இப்படி நடப்பதாகச் சொல்கின்றன. தத்து எடுத்திருக்கலாம், வேறு என்னவாகவும் இருக்கலாம். ஆகவே சித்தப்பா மகனிடம் எச்சிலை வாங்குவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள். வருவது உங்கள் செய்தி மட்டுமல்ல, அவனுடையதும்.

இதெல்லாம் மெதுவாகச் செய்யலாம். அத்தை விஷயம் அப்படியில்லை. அவரிடம் "தாத்தாவோட தாத்தா பேர் என்ன" என்று கேட்காதீர்கள், தெரியாது என்று முடிந்துவிடும். "சின்ன வயசுல வீட்டுக்கு யாரெல்லாம் வருவாங்க, அவங்கள எப்படிக் கூப்பிடுவீங்க" என்று கேளுங்கள். பெரியப்பா என்றாலே அப்பாவுக்கு மூத்தவர், சித்தப்பா என்றால் இளையவர், நம் மொழி வயது வரிசையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஒரு சிக்கல், பெரியம்மாவின் கணவரும் பெரியப்பாதான், அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணனும் பெரியப்பாதான். ஒவ்வொரு பெரியப்பாவுக்கும் "கூடப்பிறந்தவரா, பங்காளியா, கட்டிக்கொடுத்த வழியா" என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர் சலித்துக்கொண்டால் நிறுத்திவிட்டு மறுநாள் கேளுங்கள்.

84 வயது என்கிறீர்கள். இந்த வாரமே போய்ப் பாருங்கள்.