ஓடிக்கொண்டிருக்கும் கிராமத்து விடுதியை வாங்குவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கிராமத்தில் சின்னதாக ஒரு விடுதி, ரன்னிங்கில் இருக்கிறது, தொழிலோடு சேர்த்து விலைக்கு வருகிறது, வாங்கலாமா? ஒரே மாதிரி கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: மூன்று வருடக் கணக்கைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கீழேயும் இதைச் சொல்வேன்.

கேள்வி: பத்து அறை உள்ள விடுதி. வருடம் முழுக்க 80 சதவீதம் நிரம்பியிருக்கும் என்கிறார் உரிமையாளர். பதிவேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. நம்பலாமா?

பதிவேட்டை எழுதியவர் அவர்தானே. அவர் கை படாத கணக்கைத் தேடுங்கள். நான் முதலில் கேட்பது சலவை நோட்டு.

பத்து அறை என்றால் வருடத்துக்கு 3,650 அறை-இரவுகள். அதில் 80 சதவீதம் சுமார் 2,900. ஒருவர் சராசரியாக இரண்டு இரவு தங்குகிறார் என்று வைத்துக்கொண்டாலும், சுமார் 1,450 தடவை படுக்கை விரிப்பு மாற்றியிருக்க வேண்டும். சலவைக்கு அவ்வளவு போயிருக்கிறதா?

ஒரு தடவை இப்படி ஒரு விடுதியின் பின் வராந்தாவில் உட்கார்ந்து சலவை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பென்சிலில் 'வி 6, த 12' என்று வரிசையாக எழுதியிருந்தது. விரிப்பு ஆறு, தலையணை உறை பன்னிரண்டு. சீசன் மாதங்களில் பக்கம் பக்கமாக ஓடிய கணக்கு, மற்ற மாதங்களில் மாதத்துக்கு நாலு வரியாகச் சுருங்கியிருந்தது. பதிவேட்டில் அதே மாதங்கள் முக்கால்வாசி நிரம்பியிருந்தன. உரிமையாளரிடம் கேட்டதற்கு, அப்போதெல்லாம் வீட்டு மெஷினிலேயே துவைத்தோம் என்றார். சரி, அந்த மாதங்களின் கரன்ட் பில்லைக் கொண்டுவாருங்கள் என்றேன். சீசன் பில்லில் பாதிகூட இல்லை. அதற்கப்புறம் விலை பேசும் விதமே மாறிவிட்டது.

உங்களுக்கும் அதுதான் வழி. சலவை நோட்டு, கரன்ட் பில், தண்ணீர் பில், முன்பதிவுத் தளங்கள் அனுப்பும் மாதாந்தர அறிக்கை, இவை ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும். சீசன் இல்லாத மாதத்தில், வாரத்தின் நடுவில், யாரென்று சொல்லாமல் போய் ஓர் இரவு தங்குங்கள். சாவிப் பலகையில் எத்தனை சாவி தொங்குகிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள். கிராமத்து விடுதி வருடம் முழுக்க 80 சதவீதம் நிரம்பி நான் பார்த்தது மிக அபூர்வம்.

கேள்வி: அடுத்த சீசனுக்கு விற்பவர் வாங்கி வைத்திருக்கும் முன்பணம் யாருக்குச் சேரும்?

அறையைக் கொடுக்கப்போவது நீங்கள். ஆகவே உங்களுக்கு. கைமாறும் தேதிக்குப் பிறகு வரப்போகிறவர்களின் பட்டியலைப் பெயர், தேதி, தொகையோடு வாங்கி, மொத்தத்தை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல விடுதி ஒன்று இருக்கிறது. விலையும் பரவாயில்லை. வாங்கலாமா?

எத்தனை அறை? நிலம் சொந்தமா, லீஸா? வருமானம் என்ன? விற்பவர் ஏன் விற்கிறார்? ஒன்றுமே எழுதவில்லை. இரண்டு வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு உங்கள் சேமிப்பைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். மூன்று வருடக் கணக்கோடு திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வு பெற்றவர்கள். ஒரு தம்பதியும் அவர்கள் மகனும் சேர்ந்து நடத்தும் விடுதியைப் பார்த்தோம். வரவில் 30 சதவீதம் லாபம் காட்டுகிறார்கள். லாபத்தைப் போல ஐந்து மடங்கு விலை சொல்கிறார்கள். நியாயமா?

இந்தக் கேள்வி எப்போது வந்தாலும் எனக்கு மனசு பதறும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த மூன்று பேருக்கும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டீர்களா? கணக்கில் அந்த வரியே இருக்காது. வீட்டு ஆட்களுக்கு எதற்குச் சம்பளம் என்று விட்டிருப்பார்கள். அவர்கள் வரைக்கும் அது சரி, அவர்கள் உழைப்பு, அவர்கள் வீடு. ஆனால் அதே கணக்கை வைத்து உங்களிடம் விலை சொல்லும்போது, அவர்களுடைய சம்பளமில்லாத உழைப்பை லாபம் என்று பெயர் மாற்றி உங்கள் தலையில் கட்டுகிறார்கள். பெரும்பாலும் வேண்டுமென்று செய்வதில்லை. அவர்களுக்கே அது தெரியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரவு 100, செலவு 70, மிச்சம் 30. ஐந்து மடங்கு என்றால் விலை 150. இப்போது அந்த மூன்று பேர் இடத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் 24 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான மிச்சம் 6. அதே ஐந்து மடங்கில் அந்தத் தொழிலின் விலை 30. இடம் சொந்தமாக வருகிறது என்றால் கட்டடத்துக்கும் நிலத்துக்கும் தனியாக மதிப்புப் போடுங்கள். ஆனால் தொழிலுக்கு என்று அவர்கள் சொல்வது 150. ஐந்து மடங்கு அதிகம்!

நாங்களே உழைப்போம், ஆள் வைக்க மாட்டோம் என்பீர்கள். அதையும் எண்ணிப் பாருங்கள். காலை உணவுக்கு ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். கடைசியாக வருபவருக்குச் சாவி கொடுத்து, வாசல் கதவைச் சாத்த இரவு பதினொன்று. பதினேழு மணி நேரம், வாரத்தில் ஏழு நாள், கிட்டத்தட்ட 120 மணி நேரம். ஓர் ஆள் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்தால் அது மூன்று ஆள் வேலை. அதுவும் கதவைத் திறந்து வைத்திருக்க மட்டும். இதில் பத்து அறை கூட்டித் துடைப்பது வேறு, குழாய் ஒழுகினால் நள்ளிரவில் எழுந்து போவது வேறு. அந்தக் குடும்பத்தில் மூன்று பேர், அதில் ஒருவன் இளைஞன். நீங்கள் இருவர், ஓய்வு பெற்றவர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன். ஓய்வூதியப் பணத்தை இப்படிப் போட்டுவிட்டு, இரண்டாவது வருடமே முழங்கால் வலியோடு அதே விடுதியை விற்கக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விடுதிகளுக்கென்று சீரான கணக்கு முறை ஒன்றை நியூயார்க் நகர விடுதிக்காரர்கள் 1926லேயே அச்சிட்டார்கள். இன்றைக்கும் அதன் திருத்திய பதிப்புகளைத்தான் பெரிய விடுதிகள் பின்பற்றுகின்றன. அதில் அறை, உணவு, நிர்வாகம், பராமரிப்பு என்று பிரிவு பிரிவாகச் சம்பளம் எழுத வேண்டும். நீங்களும் ஒரு தாளில் அந்த நாலு தலைப்பையும் எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு யார் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். பொதுவாகக் கணவரைவிட அவரிடம் சரியான பதில் கிடைக்கும். அந்த மணி நேரத்துக்கெல்லாம் கூலி போட்டுக் கழித்த பிறகு வரும் மிச்சத்தின் மேல்தான் விலை பேச வேண்டும். மூன்று வருடத்துக்கும் இப்படிச் செய்யுங்கள், ஒரு நல்ல வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: லைசென்ஸ்கள் எல்லாம் விடுதியோடு சேர்ந்து தானாக என் பெயருக்கு வந்துவிடும்தானே?

வராது. உணவு, மது, தீயணைப்பு, தங்கவைப்பு ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஆளின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோதான் இருக்கும். எது மாற்றக்கூடியது, எதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று அந்தந்த அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கேள்வி: விற்றவர் அடுத்த வருடமே பக்கத்துத் தெருவில் இன்னொரு விடுதி திறந்தால் என்ன செய்வது? குட்வில்லுக்கு என்று தனியாகப் பெரிய தொகை கேட்கிறாரே.

அந்தக் கவலை இருநூறு வருடப் பழையது. பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே வருவார்கள் என்ற வாய்ப்புதான் குட்வில் என்று 1810ல் இங்கிலாந்து நீதிபதி எல்டன் பிரபு சொன்னார். அப்புறம் 1896ல் 'டிரெகோ எதிர் ஹன்ட்' வழக்கில், குட்வில்லை விற்றவர் போட்டித் தொழில் தொடங்கலாம், ஆனால் பழைய வாடிக்கையாளரைத் தேடிப்போய் அழைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. முதல் பாதியைக் கவனியுங்கள். எழுதி வாங்காவிட்டால் அவர் பக்கத்திலேயே கடை போடலாம். ஆகவே இத்தனை வருடம், இத்தனை கிலோமீட்டருக்குள் கூடாது என்று எழுதி வாங்க வேண்டும். வருடமும் தூரமும் நியாயமாக இருக்கட்டும், பேராசையாக எழுதினால் நீதிமன்றத்தில் நிற்காது.

இன்னொன்று. விடுதியின் தொலைபேசி எண், இணைய முகவரி, மின்னஞ்சல், முன்பதிவுத் தளக் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல், விடுதியின் பெயர், எல்லாம் விற்பனையில் அடக்கம் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். குட்வில் என்று நீங்கள் பணம் கொடுப்பது இவற்றுக்குத்தான். வருகிறவர்களில் முக்கால்வாசி தளங்கள் வழியாக வருகிறார்கள் என்றால் குட்வில் தொகையைக் குறையுங்கள். அந்த வாடிக்கையாளர் தளத்தின் ஆள், ஒவ்வொரு தடவையும் சுமார் 15 சதவீதம் கமிஷன் கொடுத்துத்தான் அவரை அழைக்க முடியும்.

கேள்வி: சீசன் இல்லாத ஆறு மாதம் மேல்மாடி அறைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். செலவு மிச்சம்தானே?

பூட்டுவதில் தப்பில்லை, தண்ணீரை மறந்துவிடுவதில்தான் ஆபத்து. ஓடாமல் நிற்கும் குழாய்த் தண்ணீரில், 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில், லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். ஷவரைத் திறக்கும்போது நீர்த்திவலையோடு நுரையீரலுக்குப் போய்க் கடும் நிமோனியாவைக் கொண்டுவரும். 1976ல் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் 'அமெரிக்கன் லீஜியன்' என்ற முன்னாள் படைவீரர் சங்கம் நடத்திய மாநாட்டுக்கு வந்தவர்கள் பலர் இதில் இறந்தார்கள். நோய்க்குப் பெயர் வந்ததே அந்த மாநாட்டால்தான்.

பூட்டிய அறையிலும் வாரத்துக்கு ஒரு தடவை எல்லாக் குழாயையும் ஷவரையும் சில நிமிடம் திறந்துவிட வேண்டும். வெந்நீர்த் தொட்டி 60 டிகிரியில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு பதிவு நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். நான் பார்க்கப் போகும் இடங்களில் பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லி, குளியலறைக் குழாயைத் திருகிப் பார்ப்பேன். முதலில் காற்று இருமும், அப்புறம் பழுப்பாகத் தண்ணீர் வரும். அங்கே அந்த நோட்டு இருக்காது என்று அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: ஓடும் தொழிலாக வாங்கினால் வரியே இல்லை என்கிறார் தரகர். உண்மையா?

பாதி உண்மை. இந்தியாவில் ஓடும் தொழிலை முழுவதுமாக மாற்றிக்கொடுக்கும் சேவைக்கு ஜிஎஸ்டி இல்லை, 2017ஆம் ஆண்டின் 12ஆம் எண் அறிவிக்கையில் அது இருக்கிறது. பிரிட்டனிலும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வாட் வராது. நீங்கள் அதே வகைத் தொழிலைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. ஆனால் முத்திரைத் தீர்வை போன்றவை வேறு கணக்கு. தரகர் சொல்லாத இன்னொன்றும் உண்டு. இந்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆம் பிரிவுப்படி, கைமாறும் நாள் வரை விற்றவர் கட்டாமல் விட்ட வரிக்கு வாங்கியவரும் பொறுப்பு. மூன்று வருட வரித் தாக்கலையும் பாருங்கள், விலையில் ஒரு பங்கைச் சில மாதம் நிறுத்திவையுங்கள்.

கேள்வி: சாமான்கள் எல்லாம் சேர்த்துத்தான் விலை என்கிறார். பட்டியல் போட வேண்டுமா?

கட்டாயம். ஒவ்வொன்றும் யாருடையது என்றும் எழுதுங்கள். காபி மெஷின், குளிர்பானப் பெட்டி, கேஸ் சிலிண்டர் எல்லாம் பல இடங்களில் சப்ளை செய்பவருக்குச் சொந்தம்.

கேள்வி: சமையல்காரர் பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். அவர் சமையலுக்காகவே ஆட்கள் வருகிறார்கள். கைமாறியதும் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். விலை முடிந்ததும், கையெழுத்துக்கு முன்னால், விற்பவரின் சம்மதத்தோடு அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்த வேலைக்கு அவர் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறார், எப்போது விடுப்பு எடுத்தார் என்று கேளுங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு அவருக்குச் சேர வேண்டிய பாக்கி, விடுப்புப் பணம் எல்லாவற்றையும் கைமாறும் நாளன்று விற்பவர் தீர்த்துவிட வேண்டும், அல்லது அந்தத் தொகையை விலையில் கழித்து நீங்கள் பொறுப்பேற்க வேண்டும். எதுவானாலும் அவர் முன்னிலையிலேயே பேசி, எழுதி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: சாவி வாங்கும் நாளன்று என்ன செய்ய வேண்டும்?

கரன்ட் மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டையும் விற்பவரோடு நின்று போட்டோ எடுங்கள். கையிருப்புச் சரக்கை அன்றைக்கே சேர்ந்து எண்ணி, வாங்கிய விலைக்கு மதிப்புப் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். அன்றிரவு எந்த அறையில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். அந்த இரவின் வாடகை யாருக்கு என்பதை முன்னாலேயே பேசி வையுங்கள்.