கீமோ எடுக்கும் அம்மாவுக்குக் கால் பிடித்துவிடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய்க்கு இடப்பக்கம் அறுவை சிகிச்சை செய்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். மூன்றாவது கீமோ போன வாரம் முடிந்தது. உடம்பு வலியால் இரவில் தூங்க முடியாமல், “கொஞ்சம் காலைப் பிடித்துவிடேன்” என்கிறார். மசாஜ் செய்தால் நோய் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பிடித்துவிடலாம். புற்றுநோய் பரவுவதற்குக் காரணம் அந்தச் செல்களுக்குள்ளேயே நடக்கும் மாற்றங்கள். மென்மையாகத் தடவுவதால் அது பரவுவதில்லை. அம்மா எழுந்து நாலு எட்டு நடந்தாலே ரத்தமும் நிணநீரும் இதைவிட வேகமாக ஓடும். அப்படி நடக்கச் சொல்லித்தானே மருத்துவர்களும் வற்புறுத்துகிறார்கள்? கட்டி இருக்கும் இடத்தையும் ஆறாத தையலையும் மட்டும் தொடாமல் விடுங்கள்.

ஆனால் அவர் கேட்பது கால் என்பதால், கை வைக்கும் முன் இரண்டு கெண்டைக்காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புற்றுநோயும் கீமோவும் காலின் ஆழமான ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஒரு கால் மட்டும் வீங்கியோ, சூடாகவோ, சிவந்தோ இருந்தால், கெண்டையில் புதிதாக வலித்தால், பிடிக்கவே வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தேய்க்கும்போது ரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் கால் பிடித்துவிடுகிறவர்கள் பலருக்கும் இது தெரியாது என்பதுதான் என் கவலை.

கால் சரியாக இருந்தால், அடுத்தது ரத்தப் பரிசோதனை. கீமோ முடிந்த 7 முதல் 14 நாட்களுக்குள் ரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அம்மா இப்போது அந்த நாட்களில்தான் இருக்கிறார். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 50,000-க்குக் கீழே போனால் லேசாக வருடுவதோடு நிறுத்துங்கள். 20,000-க்குக் கீழே என்றால் மருத்துவரைக் கேட்காமல் அதுவும் வேண்டாம். சின்ன அழுத்தத்துக்கே தோலடியில் ரத்தம் கன்றிவிடும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மசாஜை மறந்துவிட்டு உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு அழுத்துவது? முகத்தில் கிரீம் பூசும் அளவுக்கு. அழுத்திப் பிடித்தால்தான் வலி போகும் என்ற எண்ணத்தை இந்த நாட்களில் விட்டுவிட வேண்டும். 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய புற்றுநோய் உள்ள 380 பேரில் ஒரு பகுதியினருக்கு மசாஜ் செய்தார்கள். மற்றவர்களின் உடம்பில் வெறுமனே கை வைத்தார்கள். இரு தரப்பினருக்கும் வலி குறைந்தது, மனமும் தேறியது. அந்த நேரத்துச் சுகம் மசாஜ் பெற்றவர்களுக்குக் கூடுதல். வாரக்கணக்கில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பயிற்சியும் இல்லாத உங்கள் கைக்கும் வேலை இருக்கிறது என்று இதிலிருந்து தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

இடக்கையைப் பிசையாதீர்கள். முடிச்சுகளை எடுத்த பக்கம் நிணநீர் தேங்கிக் கை வீங்கக்கூடும். வீக்கம் வந்தால் அதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்யும் நிணநீர் மசாஜ் தனி வகை. அதை வீட்டில் முயல வேண்டாம். கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவியான போர்ட் பொருத்தியிருந்தால் அந்த இடத்தையும் விட்டுவிடுங்கள். முதுகிலோ இடுப்பிலோ எலும்பு புதிதாக வலித்தால் பிடித்துவிட்டுச் சமாளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எண்ணெய் வாசனையில்லாததாக இருக்கட்டும், வாசனையே குமட்டலைக் கிளப்பும். சூடாக்கவும் வேண்டாம். பாக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போயிருந்தால், சுடுவதே அவருக்குத் தெரியாது. அப்புறம் கதிர்வீச்சு தொடங்கினால், அந்தப் பகுதித் தோல் ஆறும்வரை அங்கே தேய்க்கவோ எண்ணெய் தடவவோ கூடாது.

வெளியே தெரபிஸ்டிடம் போவதானால், புற்றுநோயாளிகளுக்குச் செய்யப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். நோய், மருந்து, அறுவை சிகிச்சை எதையும் விசாரிக்காமல் வேலையைத் தொடங்குபவரிடம் அம்மாவை விடாதீர்கள்.

மருத்துவர் சரி என்றதும் பத்தே நிமிடம், பாதமும் வலது கையும் போதும். மறுநாள் காலை எங்காவது கன்றியிருக்கிறதா, அசதி கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கன்றியிருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அசதி மட்டும் என்றால் அடுத்த முறை ஐந்து நிமிடமாகக் குறையுங்கள்.