கொட்டாவி விடும் உரிமை

கேள்வி: கியூபாவின் ரிகோண்டோ ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். அவர் சண்டையைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள். முகம் கிழிய அடி வாங்குகிறவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். குத்துச்சண்டை ரசிகர்கள் பார்ப்பது வீரனின் நாட்டையா, ஆட்டத்தையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நாடு, ஆட்டம் எல்லாம் இருக்கட்டும். கொட்டாவி என்று எழுதினீர்களே, முதலில் அதைப் பேசுவோம். எனக்குக் கொட்டாவி மேல் தனி மரியாதை உண்டு. கைதட்டுவதற்கு லாரி வைத்து ஆள் கூட்டி வரலாம். கொட்டாவி விடுவதற்கு யாராவது ஆள் கூட்டி வந்து பார்த்திருக்கிறீர்களா? அது தானாக வரும். முக்கியமாக, லாரி வைத்தவர் மைக்கைப் பிடித்ததும் வரும். மார்கழியில் சபாக்களில் பாருங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்க வேண்டியதுதான், பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்குப் போய்விடும். மிருதங்கக்காரர் உயிரைக் கொடுத்துக்கொண்டிருப்பார், இவர்கள் கீரை வடைக்கு வரிசையில் நிற்பார்கள். இதைத் திரும்பத் திரும்ப இந்தப் பக்கத்தில் எழுதியதில் ஒரு சபா செயலாளர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நல்லதுதான், இப்போது கச்சேரியை நிம்மதியாகக் கேட்க முடிகிறது.

ரிகோண்டோ வாசித்ததும் தனி ஆவர்த்தனம்தான். 2013 ஏப்ரலில் நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் எதிரே நின்றவர் பிலிப்பைன்ஸின் டொனைர், எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்த ஆள். அவர் தாவும்போதெல்லாம் ரிகோண்டோ கொஞ்சம் நகர்வார், இடது கையால் ஒன்று வைப்பார், மறுபடி நகர்ந்துவிடுவார். பன்னிரண்டு ரவுண்டும் இப்படியே. நடுவர்கள் மூவரும் அவருக்கே கொடுத்தார்கள், கூட்டம் 'ஊ' என்று கத்தியது. சரி, சொந்த நாடாவது கொண்டாடியிருக்கலாமே? தொழில்முறைக் குத்துச்சண்டையையே 1962-ல் தடை செய்த நாடு கியூபா. இவரோ 2007-ல் ஒரு தடவை அணியை விட்டு நழுவி, திரும்ப வேண்டி வந்து, 2009-ல் ஒரேயடியாக வெளியேறியவர். அங்கே அவர் துரோகி. நாடும் கைகொடுக்கவில்லை, ஆட்டமும் கைகொடுக்கவில்லை.

இப்போது கோலோவ்கினைப் பாருங்கள். கஜகஸ்தான்காரர், அப்பா ரஷ்யர், அம்மா கொரிய வம்சம். மெக்சிகோவுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 2014 அக்டோபரில் கலிபோர்னியாவின் கார்சனில் மெக்சிகோ வீரர் ரூபியோவை இரண்டே ரவுண்டில் சாய்த்தார். மெக்சிகோ வம்சாவளிக் கூட்டம் ஆர்ப்பரித்ததோ கோலோவ்கினுக்கு! பின்வாங்காமல் மேலே மேலே போய், ஒன்று வாங்கினால் இரண்டாகத் திருப்பிக் கொடுத்து, விலாவைப் பிளக்கிற அடி. 'மெக்சிகோ ஸ்டைல்' என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

டி லா ஹோயாவின் தலையெழுத்து நேர் எதிர். பிறந்தது லாஸ் ஏஞ்சலஸ், பெற்றோர் மெக்சிகோக்காரர்கள். 1992 பார்சிலோனாவில் தங்கம் வாங்கியதும் இரண்டு நாட்டுக் கொடியையும் பிடித்தவர். 1996-ல் மெக்சிகோவின் குலதெய்வமான சாவேஸுக்குக் கண்ணுக்கு மேலே கிழித்து நாலாவது ரவுண்டில் முடித்தார். சொந்த ஜனத்திலேயே பலர் மன்னிக்கவில்லை. முகம் வேறு சினிமா நடிகர் மாதிரி, சந்தேகம் வராதா? ரத்த பாசம் பெரிது என்றால் கொண்டாட வேண்டியது இவரைத்தான். முன்னால் வந்து அடிக்கிறவன் எவனோ அவனே நம்மாள் என்று கூட்டம் தீர்மானித்துவிட்டது.

கோலோவ்கின் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், நம் விளையாட்டு நிருபருக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. 2017-ல் மெக்சிகோ வீரர் கனேலோவோடு மோதியபோது அடலெய்ட் பேர்ட் என்ற நடுவர் 118-110 என்று கனேலோவுக்குப் போட்டார். பன்னிரண்டில் பத்து ரவுண்டு! இன்னொருவர் கோலோவ்கினுக்கு, மூன்றாமவர் சமம் என்று எழுதியதால் டிராவில் முடிந்தது. அது நடுவரின் பார்வைக் கோணமாம், நிருபர் சொல்கிறார். அவருக்குப் புதுக் கண்ணாடி ஆபீஸ் செலவில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வந்து கேட்கவில்லை.

அப்புறம், அந்தச் சாவேஸ். 1993-ல் அவரோடு மோத வந்த அமெரிக்கர் கிரெக் ஹாகன், "இவர் ஜெயித்ததெல்லாம் டிஹுவானா டாக்சி டிரைவர்களைத்தான்" என்று மெக்சிகோவின் எல்லை ஊரை இழுத்து வாய்விட்டார். மெக்சிகோ சிட்டியின் அஸ்டெக்கா மைதானத்தில் 1,30,000 பேருக்கு மேல் திரண்டார்கள். ஐந்தாவது ரவுண்டில் ஆட்டம் முடிந்தது. வீங்கிய முகத்தோடு ஹாகன் சொன்னார்: "அந்த டாக்சி டிரைவர்கள் பலே முரடர்களாக இருந்திருக்க வேண்டும்."