முதலில் ஊசியை மாற்றுங்கள்: க்வில்ட் தைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

க்வில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்து நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு, தைக்கும்போது வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் மெஷினில் இல்லை, ஊசியில்தான் இருக்கிறது. நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகைத் தொடுவதற்கு முன்னால் ஊசியைக் கழற்றிப் பாருங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. வீட்டு மெஷின்களை வைத்துத்தான் எல்லாம் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஊசி உறையில் 90/14, 75/11 என்று இரண்டு எண் போட்டிருக்கிறதே, எதைப் பார்ப்பது?

இரண்டும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன. முதல் எண் துணிக்குள் இறங்கும் பகுதியின் கனம். 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். அடுத்தது அமெரிக்க எண். எண் கூடக் கூட ஊசி தடிக்கும். நூலில் இது தலைகீழ். 50ஆம் எண் நூலைவிட 40ஆம் எண் நூல்தான் தடிமன். புதிதாக வருபவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கேள்வி: மேடம், யுனிவர்சல் ஊசி ஒன்றே போதாதா? க்வில்டிங் ஊசி என்று தனியாக வாங்கத்தான் வேண்டுமா?

யுனிவர்சலிலேயே ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் நெய்த துணிக்கும் பின்னல் துணிக்கும் பொதுவாக வேண்டும் என்று அதன் முனையை லேசாக உருட்டியிருப்பார்கள். க்வில்டிங் ஊசியின் முனை ஒடுங்கிக் கூராக இருக்கும். மேல் துணி, பஞ்சு, அடித் துணி என்று மூன்றடுக்கு, நடுவில் நாலு தையல் ஓரங்கள் ஒன்றாகச் சந்திக்கும் மேடு, இதையெல்லாம் துணியைக் கெடுக்காமல் துளைத்துப் போகும். துண்டுகளை இணைக்க 75/11, பஞ்சு வைத்து மேலே தைக்க 90/14. இரண்டு அளவிலும் ஒவ்வொரு உறை இருந்தால் சமாளித்துவிடலாம்.

கேள்வி: ஃப்ரீ மோஷனில் (துணியைக் கையாலேயே நகர்த்தித் தைப்பதில்) 40ஆம் எண் காட்டன் நூல் போட்டுத் தைக்கிறேன் அக்கா. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நூல் பிசிறு பிசிறாகி அறுந்துவிடுகிறது. டென்ஷனை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஊசி 75/11.

ஊசி அளவைக் கடைசியில் சொல்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். முன்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். ஊசி துணிக்குள் இறங்கும்போது நூல் அந்தப் பள்ளத்தில் பதுங்கிக்கொள்ள வேண்டும். நூல் தடித்து, பள்ளமும் காதும் சிறுத்திருந்தால் நூல் வெளியே பிதுங்கித் துணியில் உரசும். நூலின் ஒரே இடம் தையலாக விழுவதற்கு முன் காது வழியாகப் பல தடவை மேலும் கீழும் போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சீவினால் என்ன ஆகும்? பிசிறுதான்.

கழற்றிய ஊசியை வைத்து ஒரு சோதனை செய்யலாம். ஒரு முழம் நூலை அதில் கோத்து, இரண்டு நுனியையும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஒரு கையை மட்டும் உயர்த்துங்கள். ஊசி தானாகவே வழுக்கிக் கீழே இறங்க வேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் காது போதவில்லை. புது நூல்கண்டு வாங்கும்போதெல்லாம் இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் மெஷினில் போடுவேன்.

உங்கள் நூலுக்கு டாப்ஸ்டிட்ச் என்ற வகை ஊசி, 90/14 போடுங்கள். அதே அளவு யுனிவர்சலைவிட அதில் காது பெரிது, பள்ளமும் ஆழம். ஃப்ரீ மோஷனில் துணியை நாம்தான் இழுக்கிறோம். ஊசி உள்ளே இருக்கும்போது கை வேகமாகப் போனால் மெல்லிய ஊசி வளைந்துவிடும். தடித்தது தாங்கும்.

கேள்வி: பாட்டிக் துணியில் தைத்தால் ஊசி ஒவ்வொரு தடவையும் 'டொப் டொப்' என்று சத்தம் போடுகிறதே?

பாட்டிக்குக்கு எடுக்கும் துணி மிக நெருக்கமான நெசவு. அதற்கு மைக்ரோடெக்ஸ் ஊசிதான் சரி, 70/10 அல்லது 80/12. மெலிந்து நல்ல கூராக இருக்கும். துண்டுகளை இணைக்கும்போது கோடு நூல் பிடித்த மாதிரி நேராக விழும். அந்தக் கூர் சீக்கிரம் மழுங்கும் என்பது ஒன்றுதான் குறை. ஏற்கெனவே மைக்ரோடெக்ஸ்தான் போட்டிருக்கிறீர்கள் என்றால், அந்தச் சத்தம் ஊசி மழுங்கிவிட்டது என்பதற்கு அடையாளம்.

கேள்வி: எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊசி மாற்ற வேண்டும்? எனக்கு ஒடிந்தால்தான் மாற்றிப் பழக்கம்.

எனக்கும் அதே பழக்கம்தான் இருந்தது. ஒருமுறை பெரிய விரிப்பு ஒன்றைப் பாதி தைத்த பிறகு திருப்பிப் பார்த்தால், அடித் துணி நெடுக இழை இழுத்துக் கிடந்தது. முனை கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்தேன். நாள் கணக்கு பார்க்காதீர்கள், ஓடிய நேரத்தைப் பாருங்கள். சுமார் எட்டு மணி நேரம் தைத்தால் மாற்றிவிடலாம். டைட்டானியம் பூசிய பொன்னிற ஊசி இன்னும் கூட வரும். சந்தேகம் வந்தால் முனையை நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், கீறினால் அதன் வேலை முடிந்தது.

கேள்வி: புது ஊசி போட்ட பிறகுதான் தையல் விட்டு விட்டு விழுகிறது. இது என்ன நியாயம் அக்கா?

ஊசியைச் சரியாக மாட்டவில்லை. மெஷினுக்குள் போகும் மேல் தண்டின் தட்டையான பக்கம் பெரும்பாலான மெஷின்களில் பின்னால் பார்க்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து நூல் கோக்கும் சில பழைய மெஷின்களில் அது பக்கவாட்டில் திரும்பும். நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும் என்று நினைவு வைத்துக்கொண்டால் எந்த மெஷினிலும் தப்பாது. அப்புறம், ஊசியை மேலே முட்டும் வரை தள்ளிவிட்டுத் திருகை முடுக்குங்கள். கொஞ்சம் கீழே நின்றாலும் பாபினைச் சுற்றி ஓடும் ஹுக் நூலைப் பிடிக்காது.

கேள்வி: அண்ணன் தையல் யூனிட்டிலிருந்து கொண்டு வந்த ஊசியை என் வீட்டு மெஷினில் போடலாமா?

வேண்டாம்மா. அந்த மெஷின்களுக்குப் பெரும்பாலும் உருண்டைத் தண்டு ஊசி, நீளமும் வேறு. வீட்டு மெஷினுக்கு உறையில் 130/705 எச் அல்லது 15x1 என்று இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய டி-ஷர்ட்டுகளை வெட்டி க்வில்ட் தைக்கிறேன் மேடம், அதற்கும் கூர் ஊசிதானா?

இல்லை தம்பி, அங்கே கூர் ஊசி எதிரி. பின்னலில் ஒரு இழை அறுந்தால் ஓட்டையாகிவிடும். முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி இழைகளை ஒதுக்கிவிட்டுப் போகும். நன்றாக நீளும் துணியில் தையல் விட்டுப்போனால் ஸ்ட்ரெட்ச் ஊசிக்கு மாறுங்கள்.

கேள்வி: குழந்தைக்கான க்வில்ட் தைக்கும்போது ஊசி ஒடிந்துவிட்டது. முனை கிடைக்கவில்லை. தைத்துக்கொண்டே போகலாமா?

கிடைக்கும் வரை ஒரு தையல்கூடப் போடாதீர்கள். கையில் இருக்கும் துண்டைப் புது ஊசியோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும். பாபின் மூடியைத் திறந்து ஹுக்கைச் சுற்றித் தேடுங்கள், அங்கேதான் அடிக்கடி விழும். அங்கே இல்லையென்றால் ஒடிந்த இடத்தைச் சுற்றி க்வில்ட்டின் இரண்டு பக்கமும் நல்ல காந்தத்தை நகர்த்துங்கள். பஞ்சுக்குள் இருந்தால் துணி சின்னதாக மேலே எழும்பும். அந்த இடத்தில் தையலைப் பிரித்து எடுத்துவிடுங்கள். ஒடிந்த துண்டுகளைப் பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், குப்பைக்கூடையில் அப்படியே போட வேண்டாம்.