தீவுல போய் என்ன பண்றது? – கடிதம்

அண்ணே வணக்கம்,

உங்க கதைங்கள விடாம படிக்கிறவன். பேரு போட வேணாம், ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சிரும். நானும் உங்க ஊரு, பேராக் சுங்கை சிப்புட்தான். எண்ணெய் மில்லுல பாய்லர்ல வேலை, வயசு 53, வீட்டுக்காரம்மா ஸ்கூல் கேன்டீன்ல சமைக்கிறாங்க. கல்யாணமாகி 28 வருஷம் ஆகப் போவுது. பிள்ளைங்க மூணும் காசு சேத்து, நீங்க ரெண்டு பேரு மட்டும் திரங்கானு பக்கம் இருக்கற பெர்ஹெந்தியான் தீவுக்கு மூணு நாளு ரெண்டு ராத்திரி போய்ட்டு வாங்க, தேதி மட்டும் சொல்லுங்கன்னு ஒத்தக் கால்ல நிக்குதுங்க. எனக்கு பயமா இருக்கு. ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது, அவ வெள்ளிக்கிழமை சைவம், இந்த வயசுல ஹனிமூனான்னு நாங்க குடியிருக்கற தாமான்ல (வீடமைப்புப் பகுதியில) சிரிப்பானுங்க. இதெல்லாம் கூட பரவால்ல அண்ணே, அங்க போய் மூணு நாளு நாங்க ரெண்டு பேரும் என்னதான் பண்றது, பேசறதுக்கு என்ன இருக்கு? டிசம்பர்ல லீவு கெடைக்கும். அப்ப போலாமா, இல்ல காச திருப்பிக் குடுத்துடவா?

—ஒரு வாசகர்

தம்பி,

மொதல்ல சின்ன விஷயத்த முடிச்சிருவோம். டிசம்பர் வேணவே வேணாம். நவம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, தென்சீனக் கடல்லருந்து காத்து நேரா கிழக்குக் கரையிலதான் வந்து மோதும், அந்த மாசங்கள்ல தீவுல முக்காவாசி சாலேங்க, அதான் தங்குற குடிலுங்க, கதவ சாத்திட்டு ஆளுங்க கரைக்கு வந்துருவாங்க, போட்டும் ஒழுங்கா ஓடாது. ஏப்ரல்லருந்து செப்டம்பர் வரைக்கும் பாருங்க. இன்னொண்ணு, திரங்கானுல வார லீவு வெள்ளி சனி, நம்ம பக்கம் சனி ஞாயிறு, அதனால சனிக்கிழமை ரெண்டு பக்கத்துக் கூட்டமும் அங்கதான் மோதிக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல போய் எறங்கி செவ்வாய்க்கிழமை திரும்புனீங்கன்னா தீவு காலியா இருக்கும், வீட்டுக்காரம்மாவோட வெள்ளிக்கிழமையும் தப்பிச்சிரும்.

லீவு கெடைக்காதுன்னு மட்டும் சொல்லாதீங்க. 1955ம் வருஷ வேலைச் சட்டத்துல, ஒரே எடத்துல அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை செஞ்சவருக்கு வருஷத்துக்கு 16 நாள் சம்பளத்தோட லீவு உண்டு. அந்த 16 நாளும் எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும். தைப்பூசம் ரெண்டு, தீபாவளி மூணு, சொந்தத்துல கல்யாணம், சாவு, கருமாதி, கோயில் திருவிழா, மாமியாரு ஆஸ்பத்திரி. நம்மாளுங்க லீவு எடுத்தா அடுத்தவங்களுக்காகத்தான் எடுப்போம். சுங்கை சிப்புட்னு சொன்னா 1948 ஜூன்ல எல்பில் தோட்டத்துல கம்யூனிஸ்ட்டுங்க வெள்ளக்கார மேனேஜர சுட்டதச் சொல்லுவாங்க, மந்திரியா இருந்த துன் சம்பந்தன சொல்லுவாங்க, சும்மா இருக்கறதுக்கு லீவு போட்ட ஊருன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.

நாங்கதான் பங்கோர் தீவுக்கு போயிருக்கோமேன்னு சொல்லுவீங்க. நானும் போயிருக்கேன், பத்து தடவைக்கு மேல. மாசி மகத்துக்கு கோயில் பஸ்ஸு, 44 சீட்டுக்கு அறுவது பேரு, லுமூட்ல ஃபெர்ரிக்கு வரிசை, கடலப் பாத்து உக்காந்திருக்கற காளியம்மனுக்கு ஒரு கும்புடு, பெரிய அண்டாவுல புளி சாதம், பிள்ளைங்க தண்ணியில எறங்குனா கரையில நின்னு பேரு சொல்லிக் கத்திக்கிட்டே இருக்கணும், சாயங்காலம் மறுபடி பஸ்ஸு. அதுல பொண்டாட்டி எந்த சீட்டுல இருந்தான்னு கூட எனக்கு ஞாபகம் இல்ல. பங்கோர் நல்ல தீவு, டிசம்பர்லதான் போகணும்னா அங்க போங்க, மேற்குக் கரைக்கு அந்தப் பருவக் காத்து அவ்வளவா வராது. ஆனா தெரிஞ்ச மூஞ்சி யாராச்சும் மாட்டும், அண்ணே எங்க இந்தப் பக்கம்னு கேக்கும், அப்புறம் அவங்க குடும்பத்தோடயே உக்காந்து சாப்டுட்டு வருவீங்க.

நானும் என் பொண்டாட்டியும் பெர்ஹெந்தியான் போனது 2018 ஜூலையில, எங்களுக்குக் கல்யாணமாகி 30 வருஷம் ஆன வருஷம். எங்களுக்கும் பிள்ளைங்க காசுதான். மலாயில பெர்ஹெந்தியான்னா நிக்கிற எடம், பஸ் ஸ்டாப்புக்கும் அதே வார்த்தைதான், இத வண்டியில சொன்னதும் அவ கேட்டா, பஸ் ஸ்டாப்புக்குப் போறதுக்கா ஆறு மணி நேரம் காடி ஓட்டிட்டு வர்றீங்கன்னு. கோலகங்சார், கிரிக், அப்புறம் 1982ல தெறந்த அந்தக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. ரெண்டு பக்கமும் காடு, யானை கடக்கும்னு போர்டு, தெமங்கோர் ஏரி மேல பாலம், ஜெலி வந்துட்டா கிளந்தான், கடைசியில கோல பெசுட் ஜெட்டி. வழியில பெட்ரோல் ஸ்டேஷன் கம்மி, கிரிக்குல ரொப்பிக்கிங்க. ராத்திரியில மட்டும் அந்த ரோட்டுல போகாதீங்க.

ஜெட்டியில பையத் தூக்கும்போதுதான் தெரிஞ்சுது, அவ ரைஸ் குக்கர் எடுத்துட்டு வந்திருக்கா. ரெண்டு கிலோ அரிசி, மாங்கா ஊறுகா, மைலோ, ஒரு சின்ன சட்டி. போட்காரப் பையன் சிரிச்சிட்டு, புவான் (அம்மா), அங்க கடை இருக்குன்னு சொன்னான். அரை மணி நேரம் முக்கா மணி நேரம்தான் ஸ்பீட் போட்டு, ஆனா முன்னாடி உக்காந்தா ஒவ்வொரு அலைக்கும் தூக்கித் தூக்கிப் போடும், உங்களுக்கு பாய்லர் வேலையில இடுப்பு ஏற்கனவே போயிருக்கும், பின்னாடி உக்காருங்க.

அங்க ரோடு கிடையாது தம்பி. காடி இல்ல, நடபாதைதான், ஒரு பீச்சுலருந்து இன்னொரு பீச்சுக்கு சின்ன போட்டுல போகணும். ரெண்டு தீவு, பெருசு ஒண்ணு சின்னது ஒண்ணு. சின்னதுல லாங் பீச்சுன்னு ஒரு எடம், ராத்திரியானா சின்னப் பசங்க பாட்டு போட்டுக்கிட்டு இருப்பாங்க, நீங்க பெருசுக்குப் போங்க. சின்னதுலதான் மீனவங்க கம்பமும் (கிராமமும்) இருக்கு, அதுக்குப் பேரு பாசிர் ஹந்து, பேய் மணல்னு அர்த்தம், இத மட்டும் வீட்டுக்காரம்மாகிட்ட திரும்பி வந்தப்புறம் சொல்லுங்க.

மொத நாளு காலையில நாலரைக்கு முழிப்பு வந்துருச்சு அவளுக்கு. எனக்கும்தான். நாங்க ரெண்டு பேரும் தோட்டத்துல பொறந்தவங்க, விடியக்கால ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்குப் போன அப்பா அம்மாவோட சேந்து எழுந்து பழகுன ஒடம்பு, தோட்டம் போய் இருவது வருஷம் ஆனாலும் அந்த மணி உள்ள அடிச்சிக்கிட்டேதான் இருக்கு. நான் கண்ண மூடிப் படுத்துட்டேன். கொஞ்ச நேரத்துல சர்ரு சர்ருன்னு சத்தம். வெளிய வந்து பாத்தா சாலே வாசல்ல தென்னந்தொடப்பத்த வச்சி மணலக் கூட்டிக்கிட்டு இருக்கா. கடல் பத்தடி தூரத்துல இருக்கு, அவ மணலக் கூட்டுறா! அந்த சாலேய பாத்துக்கற மலாய்க்கார அக்கா பதறிப் போய் ஓடி வந்துருச்சு, எடம் சுத்தமா இல்லன்னு கெஸ்ட்டு கோவத்துல கூட்டுறாங்கன்னு நெனைச்சிருச்சு போல. அப்புறம் ரெண்டும் படியில உக்காந்து மக கல்யாணம், மருமகன், மீன் வெலைன்னு பேச ஆரம்பிச்சி பசியாறுற நேரம் வரைக்கும் எழுந்திரிக்கல. அந்தக் காலையில நான் தனியா தே ஓ (பால் இல்லாத டீ) குடிச்சேன்.

ரெண்டாவது நாளு ஸ்னோர்க்கலிங். நீச்சல் தெரியாதுன்னு பயப்படாதீங்க, லைஃப் ஜாக்கெட்ட இறுக்கிக் கட்டுனா முங்கணும்னு நெனைச்சாலும் முங்க முடியாது, போட்காரன் ஒரு கயித்தையோ வளையத்தையோ குடுத்து இழுத்துக்கிட்டு வருவான். ஆமை மேல வந்து மூச்சு விட்டுட்டு மறுபடி அடியில போய் கடல் புல்லு மேயும், பச்சை ஆமை, நம்ம தோட்டத்து மாடு மாதிரியே தலைய ஆட்டி ஆட்டி மேயும். அவ கொழாய வாயில வச்சிக்கிட்டே சிரிச்சி கடல் தண்ணியக் குடிச்சிட்டா. பவளம் மேல மட்டும் கால வைக்காதீங்க, அது கல்லு இல்ல, உசுரு. டைட்டன் டிரிகர்னு ஒரு பெரிய மீனு, முட்டை போட்ட நேரத்துல கிட்டப் போனா தொரத்திக் கடிக்கும், போட்காரன் வேணாம்னு சொல்ற பக்கம் போகாதீங்க. நான் சட்டையக் கழட்டிட்டு கவுந்து மெதந்தேன், யாரு பேச்சையும் கேக்கல. சாயங்காலம் முதுகு பூரா வெந்து போச்சு, கருப்புத் தோலுக்கு என்ன ஆகும்னு நெனைச்சேன், ஆச்சு. அவதான் ரொம்ப நேரம் உக்காந்து தேங்காய் எண்ணெய் தடவி விட்டா. முப்பது வருஷத்துல என் முதுக அவ அவ்வளவு நேரம் பாத்திருக்க மாட்டா.

தடவிக்கிட்டே இருந்தவ திடீர்னு கேட்டா, அந்த சங்கிலிய ஏன் வித்தீங்கன்னு.

1994ல நான் மோட்டார் வாங்கறதுக்கு, ஒரு கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள்தான், அவளோட ரெண்டு பவுன் சங்கிலிய அடகு வச்சேன். மீட்கல. மூழ்கிப் போச்சு. அவகிட்ட மீட்டு வித்துட்டேன்னு ஒரு கதை சொன்னேன், எதுக்கு அப்படிச் சொன்னேன்னு எனக்கே இப்ப வெளங்கல. 24 வருஷமா இத அவ கேட்டதில்லன்னு இல்ல, கேட்டிருக்கா, ஆனா எப்படிக் கேட்டிருக்கான்னா சோறு போடும்போது ஒரு வார்த்த, துணி காயப் போடும்போது அரை வார்த்த. ஏன்னா அப்ப நாங்க லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல இருந்தோம். உங்களுக்கே தெரியும், பலகைத் தடுப்பு கூரை வரைக்கும் போகாது, இங்க இருமுனா அங்க தண்ணி கொண்டு வருவாங்க, புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு மூணாவது வீட்டு ஆயா தீர்ப்பு சொல்லும், மறுநாளு வேலைக்காட்டுல அது பேச்சா இருக்கும், வேலைய மேய்க்கிற தண்டலு கூட நக்கலடிப்பாரு. அப்புறம் தாமானுக்கு வந்தோம், செங்கல் செவுரு, ஆனா அம்மா கூட இருந்தாங்க, பிள்ளைங்க பரீட்சைக்குப் படிச்சாங்க. சத்தம் போட்டு முழுசா ஒரு சண்டை நாங்க போட்டதே இல்ல.

அன்னைக்குப் போட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேல. அடுத்த சாலே காலி, ஜெனரேட்டர் சத்தம், கடல் சத்தம், தமிழ் தெரிஞ்ச ஒரு காதும் கிட்டத்துல இல்ல. அவ எழுந்து நின்னு கைய நீட்டிப் பேசுனா, நான் எண்ணெய் முதுகோட உக்காந்து கேட்டேன், நானும் ஏதோ கத்துனேன், சங்கிலியில ஆரம்பிச்சி எங்க அப்பா சாவுக்கு அவ தம்பி வராதது வரைக்கும் போச்சு. உண்மையச் சொன்னேன், அடகுல மூழ்குன கதைய. அவ, தெரியும்னா. அடகு கடைக்கே போய் கேட்டிருக்கா, அப்பவே, கையில பிள்ளையோட. தெரிஞ்சிக்கிட்டே 24 வருஷம் வச்சிருந்திருக்கா. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. பசி வந்துருச்சு. கீழ போய் சுட்ட மீனு சாப்டோம், அவ பையிலருந்து ஊறுகா எடுத்து வச்சா. சங்கிலி இன்னும் வாங்கித் தரல, அது வேற கணக்கு.

நீங்க கேட்டீங்கள்ல, ரெண்டு பேரும் என்ன பண்றதுன்னு. விளம்பரத்துல வெள்ளைத் துணி போட்டுக்கிட்டு கை கோத்து நடப்பாங்களே, அதெல்லாம் நமக்கு வராது, வரலன்னு கவலையும் படாதீங்க. நம்ம பொழப்புல எப்பவும் யாராச்சும் பாத்துக்கிட்டே இருந்தாங்க, தோட்டத்து ஆபீஸ் கிராணி, தண்டலு, பக்கத்து வீடு, மாமியாரு, பிள்ளைங்க. அந்தப் பார்வைக்குத் தகுந்த மாதிரிதான் புருஷனா பொண்டாட்டியா இருந்து பழகிட்டோம். அங்க பாக்கறதுக்கு ஆளு இல்ல, அவ்வளவுதான். அதுல உங்களுக்கு சண்டை வருமா, சிரிப்பு வருமா, சும்மா படுத்துத் தூங்குவீங்களான்னு நான் சொல்ல முடியாது. பேச ஒண்ணும் இல்லன்னு நீங்க எழுதியிருக்கீங்க, வீட்டுக்காரம்மா பக்கம் ஒரு பெரிய லிஸ்டே இருக்கலாம், யோசிச்சிப் பாத்துட்டுப் போங்க.

தாமான்ல சிரிக்கிறவனுங்களுக்கு மக வீட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டுக் கெளம்புங்க. ஃபேஸ்புக்ல போட்டோ போட்டுறாதீங்க, போட்டா அடுத்த வருஷம் அவனுங்களும் பஸ்ஸு புடிச்சி அங்க வந்துருவானுங்க.

சாப்பாட்டுக்குக் கவல இல்ல, மீனு, கோழி, காய்கறி, முட்டை எல்லாம் கெடைக்கும், மாடு சாப்டமாட்டோம்னு மொதல் நாளே சொல்லிருங்க, சங்கடப்படாம வேற செஞ்சி குடுப்பாங்க. காசு ரொக்கமா கோல பெசுட்லயே எடுத்துக்குங்க. திரும்பி வரும்போது அந்தப் பக்கத்து பசார்ல அன்னைக்கு ஆமை முட்டை வித்தாங்க, அவ அதப் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிட்டா, முந்தாநாளு பாத்த அந்த ஆமை ஞாபகம். இப்ப அது இல்ல, 2022லருந்து திரங்கானுல சட்டப்படி விக்கறத நிறுத்திட்டாங்க. கெரோப்போ லேக்கோர், அந்த மீன் பலகாரத்த வாங்கிக்கிங்க, பிள்ளைங்களுக்கு.

ரைஸ் குக்கர் வேணாம். ஊறுகா மட்டும் எடுத்துக்கச் சொல்லுங்க.

அன்புடன்,
அண்ணன்