காலையில் குலுங்கும் டொல்பின் வான்

கேள்வி: பழைய டொயோட்டா டொல்பின் வான், 3எல் என்ற டீசல் எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குலுங்கி, வெள்ளைப் புகை விடுகிறது, சூடானதும் அடங்குகிறது. டீசல் பம்பைக் கழற்றலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பம்பில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள், செலவுதான் மிஞ்சும். ஐட்லிங்கை (சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை) ஏற்றுவதும் கோளாறை மறைக்குமே தவிர தீர்க்காது.

முதலில், ஸ்டார்ட் செய்யுமுன் குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைப் பாருங்கள். மேலே நான்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றுங்கள். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பற்றரியின் பொசிட்டிவில் கொடுத்து, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கையும் தொடுங்கள். லாம்ப் எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்துவிட்டது.

நான்கும் நல்லதென்றால் டீசல் வரும் வழியில் காற்று புகுகிறதா என்று தேடுங்கள். டீசல் பில்டருக்கும் பம்புக்கும் இடையே கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஹோஸ் போட்டு, இரவு விட்டு, காலையில் பாருங்கள். குமிழி ஓடினால் வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், பில்டர் மேலுள்ள கைப்பம்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று காற்றை இழுக்கிறது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் ஹோஸையும் (மிஞ்சும் டீசல் திரும்பும் குழாய்) மாற்றிவிடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும்.

பிறகும் குலுங்கினால், குளிர்ந்த எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது ஓட்டம் மாறவில்லையோ, கோளாறு அந்த சிலிண்டரில். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும், கையால் மறிக்கவே கூடாது. அந்த இன்ஜெக்டரைக் கழற்றி நோசல் டெஸ்டரில் (அதன் நுனியான நோசல் பீய்ச்சுவதைச் சோதிக்கும் கருவி) பாருங்கள். சொட்டினால் நோசல் மாற்ற வேண்டும். பூட்டும்போது அடி வாஷர் புதிதாக இருக்கட்டும்.